ஹண்டர்வாலியைத் தேடிப் போகிறவர்களுக்கு: கடிதம், செலவு, காத்திருப்பு

ஒரு கட்டுரை, இரண்டு ஸ்டில், ஒரு திரையிடல். எனக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். 1935-ல் முகமூடி போட்டு, குதிரையேறி, சவுக்கைச் சுழற்றி, கொடுங்கோல் மந்திரியின் ஆட்களைப் புரட்டியெடுத்த 'ஹண்டர்வாலி' என்றொரு கதாநாயகி இந்தி சினிமாவில் இருந்தாள் என்று எங்கள் திரைப்படச் சங்கத்தில் பேச்சு வந்தபோது, "நான் எழுதுகிறேன், மார்ச்சில் படத்தையே போட்டுவிடலாம்" என்று கையைத் தூக்கிவிட்டேன். அந்த மார்ச் போய் அடுத்த மார்ச் வாசலுக்கு வந்த பிறகுதான் வேலை முடிந்தது. பதினோரு மாதம். வரிசை தெரிந்திருந்தால் நாலு மாதத்தில் முடித்திருக்கலாம். ஹண்டர்வாலியாக நடித்த 'ஃபியர்லெஸ்' (பயமறியாத) நாடியா பக்கம் புதிதாக வருகிறவர்கள் நான் முட்டிய சுவரிலேயே முட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வரலாறு சொல்லப் போவதில்லை, அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன.

1. முதலில் பெயர்களைச் சரிசெய்யுங்கள்

இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் என்னுடைய முதல் மூன்று வாரம் இங்கேதான் போனது.

தமிழில் 'நாடியா' என்று தேடினால் நம்ம நதியா வந்து நிற்பார். 'பூவே பூச்சூடவா' நதியா, கம்மல் நதியா, சைக்கிள் நதியா. (நதியா பெயரில் கம்மலும் வளையலும் விற்ற மாதிரி 'ஃபியர்லெஸ்' நாடியா பெயரைச் சொல்லிச் சவுக்கு விற்றார்கள் என்பது தனி வேடிக்கை.) அதனால் ஆங்கில எழுத்தில் தேடுங்கள். பட்டப்பெயரோடு மட்டும் நிறுத்தாமல் மேரி ஈவான்ஸ், மேரி ஆன் ஈவான்ஸ், நாடியா வாடியா ஆகிய பெயர்களிலும் தேட வேண்டும். பிறந்தது ஆஸ்திரேலியாவின் பெர்த், 1908 ஜனவரி 8. இறந்தது மும்பை, 1996 ஜனவரி 9. இந்த இரண்டு தேதியையும் ஒரு தாளில் எழுதி மேஜையில் ஒட்டிவிடுங்கள். தேதியைத் தப்பாகப் போட்டிருக்கும் பக்கம் மற்ற தகவல்களையும் எங்கிருந்தோ அள்ளிப் போட்டதாகவே இருக்கும் என்பது என் அனுபவம்.

அடுத்தது பெரிய பொறி. 'ஹண்டர்வாலி' என்றால் வேட்டைக்காரி இல்லை. இந்தியில் ஹண்டர் என்றால் சவுக்கு. குதிரைக்காரர்கள் கையில் இருக்கும் அந்த நீளச் சவுக்கு. ஆக அவள் சவுக்குக்காரி. என் கட்டுரையின் முதல் வரைவில் 'வேட்டைக்காரி' என்றே போட்டு, காட்டையும் புலியையும் இழுத்து ஒரு பத்தி முழுக்க அழகாக எழுதியிருந்தேன். எங்கள் தெருவில் இந்தி டியூஷன் எடுக்கும் டீச்சர் படித்துவிட்டு ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் சிரித்தார். அந்தப் பத்தி முழுவதும் போயிற்று.

படத்தின் பெயரிலும் குழப்பம் உண்டு. வாடியா மூவிடோன் தயாரித்து ஹோமி வாடியா இயக்கிய 'ஹண்டர்வாலி' 1935. 'ஹண்டர்வாலி கி பேட்டி' 1943, அது ஹோமி வாடியா தனியாகத் தொடங்கிய பசந்த் பிக்சர்ஸ் படம். இரண்டிலும் நாடியாதான், இரண்டிலும் சவுக்குதான். இது போதாதென்று முதல் படம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து மற்றவர்களும் 'வாலி' சேர்த்துப் பெயர் வைத்துப் படம் எடுத்தார்கள். நாற்பது ஆண்டு கழித்து அதே பெயரை ஒட்டி இன்னொரு படமும் வந்திருக்கிறது. யாரிடம் எழுதிக் கேட்டாலும் படத்தின் பெயர், ஆண்டு, தயாரிப்பு நிறுவனம் மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். பெயரை மட்டும் எழுதினால் எது கைக்கு வருமோ அதுதான் வரும்.

2. பார்க்கவா, எழுதவா, திரையிடவா?

இதை முடிவு செய்யாமல் யாருக்கும் கடிதம் போடாதீர்கள். நான் மூன்றையும் ஒரே கடிதத்தில் கேட்டேன். பதிலே வரவில்லை. வராததில் ஆச்சரியமும் இல்லை, படிக்கிறவருக்கு அதை எந்த மேஜைக்கு அனுப்புவது என்றே தெரிந்திருக்காது.

பார்ப்பதற்கு மட்டும் என்றால் பெரும்பாலும் காகிதமே வேண்டாம். எழுதுவதற்கு என்றால் அறிமுகக் கடிதம், ஆய்வுச் சுருக்கம், அடையாள அட்டை, ஸ்டில் வேண்டுமென்றால் தனி விண்ணப்பம். திரையிட என்றால் படத்தின் நகல் யார் கையில் இருக்கிறதோ அவர்களின் எழுத்துபூர்வமான சம்மதம், தணிக்கைச் சான்றிதழின் நகல், அரங்கத்தின் அனுமதி. மூன்றுக்கும் ஆள் வேறு, கட்டணம் வேறு, காத்திருப்பும் வேறு. மூன்றும் வேண்டுமென்றால் மூன்று கடிதம் எழுதுங்கள்.

3. வீட்டிலிருந்தே முடிகிற வேலையை முடியுங்கள்

ஒரு பைசா செலவில்லாமல் பாதி வேலை முடியும் என்று யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

'இந்தியன்சினே.மா' என்ற இணைய ஆவணத் தளத்தில் கணக்குத் தொடங்குங்கள், இலவசம்தான். பழைய இந்தியப் படங்களின் விவரம், ஆட்கள் பட்டியல், சில படங்களுக்குக் காட்சிவாரியான குறிப்புகள்கூட அங்கே கிடைக்கும். அப்புறம் பாபுராவ் படேல் நடத்திய 'ஃபிலிம் இந்தியா' பத்திரிகை. அது தொடங்கியதும் அதே 1935-ல்தான். பழைய இதழ்கள் ஸ்கேன் செய்யப்பட்டு இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் இருக்கின்றன, உள்ளே சொல் போட்டுத் தேடவும் முடியும். ஆனால் எந்திரம் படித்த எழுத்துகளில் பிழை ஏராளம். 'வாடியா' என்று தேடிக் கிடைக்காத விளம்பரம், பக்கம் பக்கமாகப் புரட்டியபோது முழுப்பக்கத்தில் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, டீயோடு உட்கார்ந்து, புரட்டியே பாருங்கள்.

புத்தகம் என்றால் இரண்டு போதும். ஜெர்மானியர் டோரதே வென்னர் எழுதிய நாடியா வாழ்க்கை வரலாறு, ஆங்கிலத்தில் 2005-ல் வந்தது. ரோசி தாமஸின் 'பாம்பே பிஃபோர் பாலிவுட்' நூலில் நாடியாவைப் பற்றிய பகுதி. முதலாவது கதை மாதிரி ஓடும். இரண்டாவதைப் பென்சிலோடு படிக்க வேண்டும், அதில்தான் சரக்கு அதிகம். இரண்டையும் வாங்கிவிடாதீர்கள், பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஒன்றை மட்டும் வாங்குவதென்றால் இரண்டாவது. இவற்றோடு, நாடியாவின் உறவுப் பேரன் ரியாத் வாடியா 1993-ல் எடுத்த ஏறக்குறைய ஒரு மணி நேர ஆவணப்படமும் இருக்கிறது. கிழவியாகிவிட்ட நாடியாவே பேசுவதைப் பார்க்கலாம்.

தமிழில் இதற்கு நேரான சரடு ஒன்று உண்டு. 1937-ல் வந்த 'மின்னல்கொடி'. கே. அமர்நாத் இயக்கியது, கே. டி. ருக்மணி நாயகி. பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கும் கொள்ளைக்காரி கதை. அந்தப் பக்கம் போக விரும்பினால் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களிலிருந்து தொடங்குங்கள். பழைய பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கமும் நடிகர் பட்டியலும் இருக்கும், படமே கிடைக்காதபோது அதுதான் சாட்சி.

4. 'ஹண்டர்வாலி'யில் தொடங்காதீர்கள்

தலைப்பே அதுதானே என்று கேட்பீர்கள். சரி, ஆனால் முதல் முறை வருகிறவர் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் ராஜா ராணிக் கதையை, 1935 ஒலிப்பதிவில், தேய்ந்த நகலில் பார்த்தால் பாதியில் எழுந்து போய்விடுவார். நான் தூங்கிவிட்டேன். இளவரசி மாதுரி, அப்பாவைச் சிறைப்பிடிக்கும் மந்திரி ரணமல், "இன்றிலிருந்து நான் ஹண்டர்வாலி" என்று அவள் சபதம் போடும் இடம் எல்லாம் இரண்டாவது முறை பார்த்தபோதுதான் பிடிபட்டது.

என் சிபாரிசு இந்த வரிசை. முதலில் 'மிஸ் ஃபிரன்டியர் மெயில்' (1936). ஓடும் ரயிலின் கூரைமேல் சண்டை. டூப் கிடையாது, நாடியாவே நிற்கிறார். ரயில் ஆடும்போது கால்களை அகட்டி வைத்து நிதானம் பிடிக்கிறாரே, அந்த ஒரு நொடியை நிறுத்திப் பாருங்கள், அப்போதுதான் ஆள் யாரென்று தெரியும். அடுத்தது 'டயமண்ட் குவீன்' (1940). பம்பாயில் படித்துவிட்டு ஊர் திரும்பும் மதுரிகா, ஊரை ஆட்டிவைக்கிறவர்களை அடித்துத் துரத்தும் கதை. நாடு விடுதலை பெற வேண்டுமென்றால் பெண்ணும் விடுதலை பெற வேண்டும் என்ற பொருளில் நேராகவே பேசுவார். கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இந்தப் படத்தில்தான் மேற்கோள் கிடைக்கும். மூன்றாவதாக 'ஹண்டர்வாலி'.

கைக்கு வந்த வீடியோத் துண்டு எந்தப் படம் என்று தெரியவில்லையா? முதலில் டைட்டில் கார்டில் வாடியா மூவிடோனா, பசந்தா என்று பாருங்கள். ரயில் கூரை என்றால் 'மிஸ் ஃபிரன்டியர் மெயில்', சிங்கங்களோடு இருந்தால் 'ஜங்கிள் பிரின்சஸ்' (1942) என்று முதலில் சந்தேகப்படலாம். 'பஞ்சாப் கா பேட்டா' குதிரை, 'கன்போட்' நாய், 'ரோல்ஸ் ராய்ஸ் கி பேட்டி' என்று பெயர் சூட்டிய ஆஸ்டின் கார் ஆகியவை பல படங்களில் வருவதால், அவற்றை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். நான் கட்டினேன், 1943 படத்தின் ஒரு காட்சியை 1935 என்று எழுதி அச்சுக்குப் போகும் முன்தினம் பிடித்தேன்.

5. புனே: முதலில் கடிதம், அப்புறம் டிக்கெட்

இந்திய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் லா காலேஜ் சாலையில் இருக்கிறது. 1964-ல் தொடங்கியது, இப்போது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு (என்.எஃப்.டி.சி) இணைக்கப்பட்டிருக்கிறது. அதனால் பழைய கட்டுரைகளில் இருக்கும் பெயரையும் மின்னஞ்சலையும் அப்படியே எடுத்துப் போடாதீர்கள். இப்போதைய இணையதளத்தில் இருக்கும் முகவரிதானா என்று பார்த்து அனுப்புங்கள்.

கடிதத்தோடு நான் வைத்தவை:

கல்லூரி அல்லது பத்திரிகையின் லெட்டர்பேடில் அறிமுகக் கடிதம், கையெழுத்தும் முத்திரையும் உள்ள அசல். ஒரு பக்கத்தில் ஆய்வுச் சுருக்கம், ஆங்கிலத்தில். பார்க்க வேண்டிய பொருட்களின் பட்டியல்: படங்கள் தனியாக, பாட்டுப் புத்தகங்கள் தனியாக, ஸ்டில்கள் தனியாக, ஒவ்வொன்றுக்கும் ஆண்டோடு. ஆதார் நகல். பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இரண்டு. மாணவராக இருந்தால் போனஃபைட் சான்றிதழும் வையுங்கள்.

பட்டியலில் எண்ணிக்கையை அடக்கி வாசியுங்கள். ஆசையில் முப்பது படம் எழுதினால் எதற்கும் பதில் வராது. ஐந்து எழுதுங்கள். 1930-களின் படச்சுருள்கள் நைட்ரேட் வகை, எளிதில் தீப்பிடிக்கும். 2003 ஜனவரியில் புனேயிலேயே நைட்ரேட் சுருள்கள் இருந்த கிடங்கு எரிந்து ஏராளமான படங்கள் போயின. அதனால் ஒரு பழைய படத்தின் பெயர் பட்டியலில் இருப்பதும், அது நீங்கள் உட்கார்ந்து பார்க்கக்கூடிய நிலையில் இருப்பதும் ஒன்றல்ல. "பார்வைக்கு நகல் உண்டா, முழுப்படமா, எத்தனை நிமிடம், கட்டணம் எவ்வளவு" என்ற நான்கு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வர மூன்று வாரம் ஒதுக்குங்கள். வராவிட்டால் அதே மின்னஞ்சலின் கீழேயே நினைவூட்டுங்கள், புதிதாக ஒன்று தொடங்க வேண்டாம்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், வேறு ஒரு நூலகத்துக்குக் கடிதம் இல்லாமல் போய்ப் பட்டிருக்கிறேன். "நேரில் போய்ப் பேசினால் ஆகிவிடும்" என்று நண்பர் சொன்னதை நம்பி ராத்திரி பஸ்ஸில் போய் இறங்கினேன். வாசலில் பதிவேட்டில் பெயர் எழுதினேன், ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன், மத்தியானம் அதே பெஞ்சில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன், சாயங்காலம் திரும்பினேன். பொறுப்பாளர் லீவு. கடிதம் இல்லாமல் அடுத்தவர் அலமாரியைத் திறக்க மாட்டார். அவர்மேல் தப்பில்லை.

சென்னையிலிருந்து புனேவுக்கு ரயிலில் ஏறக்குறைய 20 மணி நேரம். புனே ஸ்டேஷனிலிருந்து வனாஸ் போகும் மெட்ரோவில் ஏறி நல் ஸ்டாப்பில் இறங்கினால் லா காலேஜ் சாலை பக்கம்தான். திங்கள் காலை போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் போடுங்கள், வெள்ளி வரை கையில் இருக்கும். கணபதி விழா நடக்கும் பத்து நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தெருவெல்லாம் கூட்டம், லாட்ஜில் இடம் கிடைக்காது, கிடைத்தாலும் தூக்கம் கிடைக்காது.

என் கணக்கு இது: போகவர ஸ்லீப்பர் ஏறக்குறைய 1,200, லாட்ஜ் நான்கு ராத்திரி 3,600, சாப்பாடு 1,400, மெட்ரோவும் ஆட்டோவும் 500, ஜெராக்ஸ் வகையறா 300. ஏழாயிரத்தைத் தொட்டது. பார்வைக் கட்டணமும் ஸ்கேன் கட்டணமும் இதில் சேராது, அவை அவ்வப்போது மாறும். ரசீது எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள், வெப்பத்தாள் ரசீது இரண்டே மாதத்தில் வெள்ளையாகிவிடும்.

6. ஸ்டில் வேண்டும் என்றால்

இங்கேதான் எல்லோரும் சறுக்குவது. "பழைய படம், உரிமைக்காலம் முடிந்துவிட்டது, எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்" என்பார்கள். நான் வக்கீல் இல்லை, ஆனால் எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கு அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1935 படத்துக்கு எப்படிக் கணக்குப் போட்டாலும் 1995-ஐத் தாண்டாது. ஆனால் பாட்டு, வசனம் எழுதியவருக்கான உரிமை அவர் இறந்த ஆண்டை வைத்துக் கணக்கிடுவது, அது தனி. பாட்டு வரிகளை முழுசாக அச்சிடப் போகிறீர்கள் என்றால் இதைப் பாருங்கள். இன்னொன்று: உரிமைக்காலம் முடிந்திருந்தாலும், நல்ல ஸ்கேனை உங்களுக்குத் தருகிறவர் போடும் நிபந்தனை இருக்கிறதே, அதற்கு நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.

விண்ணப்பத்தில் எழுத வேண்டியது: எந்த ஸ்டில், எந்த இதழில், எத்தனை பிரதி, உள்பக்கமா அட்டையா, கறுப்பு வெள்ளையா, இணையத்திலும் வருமா. அட்டைக்கு ஒரு விலை, உள்பக்கத்துக்கு ஒரு விலை என்று இருக்கலாம். எங்கள் இதழ் 500 பிரதி, விற்பது முந்நூறு. அதை மறைக்காமல் எழுதினேன், மறுமொழி தன்மையாக வந்தது. படத்தின் கீழே நன்றி வரி எப்படி வர வேண்டும் என்பதையும் அவர்கள் வாயாலேயே கேட்டு வாங்கி, அப்படியே போடுங்கள். வாடியா குடும்பத்தினர் வாடியா மூவிடோனின் பாரம்பரியத்தை இன்றும் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புவது மரியாதை.

7. திரையிடல்

உறுப்பினர் நாற்பது பேர் வந்தாலும் காகிதம் காகிதம்தான். நகலைத் தருகிறவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கும்போதே தணிக்கைச் சான்றிதழின் நகலையும் கேளுங்கள். பழைய சான்றிதழுக்கு 10 ஆண்டு கெடு உண்டே என்று யாராவது பயமுறுத்தினால், 2023 திருத்தத்துக்குப் பிறகு சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது என்று சொல்லலாம். சான்றிதழே இல்லை என்றால் டிக்கெட் போட்டுவிட்டுத் தவிக்காமல், சென்னை சாஸ்திரி பவனில் உள்ள தணிக்கை வாரியத்தின் மண்டல அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். இணையத்தில் இறக்கிய வீடியோவைப் பொது அரங்கில் போடும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள்.

செலவில் நான் மறந்தது சப்டைட்டில். படம் இந்துஸ்தானியில் இருக்கிறது. நம் ஊரில் முன்வரிசைக்கே புரியாது. அந்த டியூஷன் டீச்சரும் நானும் ஒன்பது சாயங்காலம் உட்கார்ந்து ஆயிரத்துச் சொச்சம் வரி தமிழில் போட்டோம். அவர் காசு வாங்கவில்லை, ஆளைப் பிடித்துச் செய்தால் பத்தாயிரத்துக்குக் குறையாது என்று விசாரித்தபோது சொன்னார்கள். ஒரு மாதம் ஒதுக்குங்கள். வரி நீளமாக இருந்தால் படிப்பதற்குள் நாடியா ரெண்டு பேரைத் தூக்கி எறிந்திருப்பார், அதனால் வெட்டுங்கள், இரக்கமே வேண்டாம்.

அரங்கத்தில் முந்தின நாளே படத்தை ஓட்டிப் பாருங்கள், முக்கியமாக ஒலியை. பழைய ஒலித்தடத்தில் இரைச்சல் அதிகம் என்பதால் பேச்சு கேட்கட்டும் என்று சத்தத்தை ஏற்றி வைப்போம். ஆனால் நாடியா "ஹேய்ய்" என்று கூவிக்கொண்டு பாயும்போது அது கூரையைப் பிய்க்கும். நாங்கள் குறைக்க மறந்தோம். கடைசி வரிசையில் கண்ணயர்ந்திருந்த பெரியவர் ஒருவர் துள்ளி எழுந்து, பக்கத்தில் இருந்தவரின் டீயைத் தட்டிவிட்டு, அதற்கப்புறம் படம் முடியும் வரை கண்ணை மூடவில்லை. ஒலிக்குமிழ் பக்கத்தில் ஓர் ஆளை உட்கார வையுங்கள்.